அளவு தெரியாத தாள்: அச்சக வடிவமைப்பாளர் ஒருவர் இணையத்தளம் அமைக்கப் பழகியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையிலுள்ள ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வடிவமைப்பாளராக இருக்கும் ஒருவர், பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவருக்கு இணையத்தளம் அமைத்துத் தர ஒப்புக்கொண்டு, அதை முடித்துக் கொடுப்பதற்குள் பட்ட பாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அவர் விருப்பப்படி யாருடைய பெயரும் இங்கே தரப்படவில்லை. அவரிடமும் அச்சகத்தில் அவருக்கு உதவியாக இருக்கும் இளைஞரிடமும் தனித்தனியாகக் கேட்டறிந்தவற்றையும், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் செய்துவைத்த கோப்புகளையும் கொண்டே இதை எழுதுகிறேன்.

இவர் தொழிலில் அரைகுறை அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, அம்மன் கோயில் கொடை நோட்டீஸ், அசன விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பில் புக், பள்ளி ஆண்டு மலர் என்று அச்சில் வரக்கூடிய எதையும் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் பிழையின்றி அமைத்துத் தரக்கூடியவர். ஒரு தாளைப் பார்த்தவுடன் அதன் கனம் எத்தனை ஜிஎஸ்எம் என்று விரலால் தடவிச் சொல்வார். அப்படிப்பட்டவர் ஏன் திரும்பத் திரும்பத் தடுமாறினார் என்பதே இங்கே கேள்வி. கணினி தெரியாத ஒருவர் தடுமாறியிருந்தால் அதில் ஆராய்வதற்கு எதுவும் இல்லை.

வந்த வேலை

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குப் போகும் வழியில் இருக்கிறது பத்தமடை. கோரையைச் சன்னமாகக் கிழித்து நெய்யும் பட்டுப் பாய்க்கும், மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து தரும் கல்யாணப் பாய்க்கும் பெயர் பெற்ற ஊர் அது. இந்த வியாபாரிக்கு விசிட்டிங் கார்டும் விலைப்பட்டியல் அட்டையும் பல ஆண்டுகளாக நமது வடிவமைப்பாளரே அமைத்துத் தந்துவந்தார். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பாய் கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு படமாக அனுப்பி அலுத்துப்போன வியாபாரி, “அந்த அட்டையில இருக்கத அப்படியே நெட்ல போட்டுத் தந்துருங்க அண்ணாச்சி” என்று கேட்டிருக்கிறார். ‘அப்படியே’ என்று கேட்டதை வடிவமைப்பாளரும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, இடப்பக்கம் பாயின் படம், வலப்பக்கம் விவரம், மேலே தலைப்பு, கீழே முகவரி என்று ஒரு பக்கத்தை அமைத்தார். எழுத்து, கோடு, பூவேலை அனைத்தையும் சேர்த்து ஒரே படமாக மாற்றி, அந்தப் படத்தை இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். அச்சகத்துக் கணினித் திரையில் அது கச்சிதமாக இருந்தது. வியாபாரி தம் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் எறும்பு கணக்கா ஊருதே அண்ணாச்சி” என்று சொன்னார். இரண்டு விரலால் பெரிதாக்கினால் எழுத்து மங்கியது. தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகவில்லை. பத்தமடைப் பாய் என்று கூகுளில் தேடினால் இந்தப் பக்கம் எந்தப் பக்கத்திலும் தென்படவில்லை, ஏனெனில் படத்துக்குள் பூட்டப்பட்ட எழுத்தில் தேடுபொறிக்குப் படிப்பதற்கு அநேகமாக எதுவும் இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அதே நிலைதான். பார்வையற்றோருக்கென்று பள்ளி நடக்கும் பாளையங்கோட்டையில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றாலும், நம் ஊர் அச்சகங்கள் ஏற்றிவைத்திருக்கும் பக்கங்களைப் பார்த்தால் சொல்லித்தான் தர வேண்டும் போலிருக்கிறது.

அடிஸ்கேலும் என்டர் விசையும்

இரண்டாம் முயற்சியில் எழுத்தை எழுத்தாகவே வைத்தார். இணையப் பக்கத்தை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ் ஆகியவற்றின் அடிப்படையை உதவியாளர் அவருக்குக் காட்டியிருந்தார். சிஎஸ்எஸ் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், 12 பாயிண்ட் எழுத்து 16 பிக்சல் என்று அறிந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி ஏற்பட்டது. தெரிந்த அளவுகள் திரும்பக் கிடைத்துவிட்டன என்று எண்ணினார். உடனே அடிஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்துப் பார்த்தார். ஓர் அங்குலம் என்று எழுதிய பெட்டி ஓர் அங்குலமாக இல்லை. அச்சகத்தின் இன்னொரு கணினியில் வேறோர் அளவு, தம் கைப்பேசியில் அதைவிடச் சிறிய அளவு. திரையில் சிஎஸ்எஸ் சொல்லும் அங்குலம் பிக்சலை வைத்துக் கணக்கிடப்படுகிறதே அன்றி மேசைமேல் இருக்கும் அளவுகோலை வைத்து அன்று. இதை உதவியாளர் விளக்கியபோது, “அளவே பொய்யின்னா அப்புறம் என்னத்த வேலை செய்யது?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டதாக இருவருமே நினைவுகூர்கிறார்கள்.

அச்சகத் தொழிலில் எல்லா முடிவுகளுக்கும் முன்னால் எடுக்கப்படும் முடிவு தாளின் அளவு. டெம்மியா, கிரவுனா, ஏ4-ஆ என்று தெரியாமல் ஒரு கோடுகூடப் போட முடியாது. இணையத்தில் அந்த முதல் முடிவு வடிவமைப்பவர் கையில் இல்லை; 360 பிக்சல் அகலக் கைப்பேசியில் பார்ப்பவரும், 1920 பிக்சல் அகலத் திரையில் பார்ப்பவரும், எழுத்தைத் தம் வசதிக்குப் பெரிதாக்கிக்கொண்டு பார்க்கும் முதியவரும் ஒரே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். 2010-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் ‘ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்’ என்று பெயரிட்டு முன்வைத்த முறை, திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் தானே தன்னை அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பது. இதைப் பாடமாகக் கேட்டால் எளிது. தாளை வெட்டுமிடத்தில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுப் பழகிய கை, தாளே இல்லாத இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதுதான் சிக்கல்.

அவருடைய இரண்டாம் கோப்பைத் திறந்தால் அந்தக் கையின் பழக்கம் வரிக்கு வரி தெரிகிறது. பத்தியின் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுவதற்கு ஈடான வரிமுறிப்புக் குறியை இட்டு, வரி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்திருக்கிறார். அகலமான திரையில் அது அழகாக நின்றது. கைப்பேசியிலோ ஒவ்வொரு வரியும் பாதியில் மடங்கி, அடுத்த வரியில் இரண்டு சொல் மட்டும் தொங்கி, மறுபடி முழு வரி, மறுபடி இரண்டு சொல் என்று பத்தி முழுவதும் பல்லிளித்தது. விலைகளை நேராக நிறுத்த இடைவெளி விசையைப் பலமுறை தட்டியிருந்தார். ஹெச்டிஎம்எல் எத்தனை இடைவெளி விட்டாலும் ஒன்றாகச் சுருக்கிக் காட்டும் என்பதால், விலைகள் பாயின் பெயர்களோடு ஒட்டிக்கொண்டு வந்தன. பெட்டி ஒவ்வொன்றுக்கும் பிக்சலில் நிலையான அகலம் கொடுத்திருந்ததால், கைப்பேசியில் பக்கம் வலப்பக்கம் வழிந்து, வாசகர் இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தது.

தமிழ்ச் சொல்லின் நீளம் இந்தத் துன்பத்தை இரட்டிப்பாக்கியது. தமிழ் நாளிதழ்களில் பத்தி அகலம் போதாவிட்டால் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, இணைப்புக்கோடுகூட இல்லாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நாமும் அதைக் கவனிக்காமலே படித்துப் பழகிவிட்டோம். இணையப் பக்கத்தைக் காட்டும் உலாவி (பிரவுசர்) அவ்வாறு செய்யாது. வேறு கட்டளை தராதவரை சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் மட்டுமே அது வரியை முறிக்கும். ஆகவே ‘கல்யாணப்பாய்களுக்கான’ என்பது போன்ற நீண்ட சொல் பெரிய தலைப்பெழுத்தில் வரும்போது கைப்பேசித் திரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அச்சில் இந்த நிலை வந்தால் அவர் எழுத்தின் அகலத்தைச் சற்றே நெருக்கி உள்ளே தள்ளிவிடுவார். இருபக்கமும் சமமாக நிறுத்தும் முறையை இணையத்திலும் கட்டாயப்படுத்தியதால், குறுகிய திரையில் வரிக்கு இரண்டு சொல்லும் நடுவே பெரிய பள்ளமுமாக வந்தது. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தைத் தன் போக்கில் விடலாம் என்ற யோசனையை அவர் கடைசிவரை எதிர்த்தார். அவர் கண்ணுக்கு அது வேலை முடியாத பக்கம்.

இருபது ஆண்டுத் தமிழ்

மேலே சொன்னவை எந்த மொழியில் வேலை செய்யும் அச்சக வடிவமைப்பாளருக்கும் நேரக்கூடியவை. தமிழ் அச்சகத்திலிருந்து வருபவருக்கென்றே காத்திருக்கும் தொல்லை ஒன்று உண்டு. என் கணிப்பில் அவருடைய நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றது அதுவே.

அவர் தட்டச்சு செய்து சேர்த்துவைத்திருந்த தமிழ் முழுவதும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் உருவங்களை வைத்துச் செய்யப்பட்டவை அந்த எழுத்துருக்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் நடுவிலுள்ள புள்ளி கணினியைப் பொறுத்தவரை ஓர் அரைப்புள்ளி. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆனால் நம் அச்சகங்களின் அன்றாட வேலை பழைய மென்பொருள்களில் நடந்தது. அவற்றுள் ஒன்றான, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வெளிவந்தது 2001-இல். யூனிகோட் தமிழை அது ஒழுங்காகக் காட்டாது. அச்சுப் பிளேட்டில் எழுத்து சரியாக விழுந்தால் போதும் என்ற நிலையில், உள்ளே எந்தக் குறியீடு இருக்கிறது என்று யாரும் கவலைப்படத் தேவை இருக்கவில்லை.

போதாக்குறைக்கு, சிவகாசிக்கு வேலை அனுப்பும்போது அங்கே நம் எழுத்துரு இல்லாமல் போய்விடக்கூடாது என்பதற்காக எழுத்தையெல்லாம் கர்வாக மாற்றி அனுப்புவது வழக்கம். கர்வாக மாற்றிய பின் அது வெறும் வளைகோடு. திருத்தவும் முடியாது, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டவும் முடியாது. பாய் வியாபாரியின் அட்டைகளில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் கணினியில் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

எழுத்தாகவே எஞ்சியிருந்த கோப்புகளைக் குறியீடு மாற்றும் நிரல் ஒன்றில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் அவர் மிகவும் மனம் நொந்தார். பழைய எழுத்துருவில் ‘கெ’ என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துப் பின்னர் ககரத்தை அடிப்பார்கள். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. இந்த மாற்றத்தை நிரல் சரியாகவே செய்துவிடுகிறது. ஔகார உயிர்மெய்யில்தான் சறுக்குகிறது. பழைய முறையில் அதன் பின்பாதிக்கு ளகரத்தையே அடித்திருப்பார்கள் என்பதால், ‘சௌகரியம்’ என்பது எகரக் கொம்பும் சகரமும் தனி ளகரமுமாக வந்துவிடும். இரண்டையும் திரையில் அருகருகே வைத்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு கண்ணில் படாது. தேடினால் மட்டும் கிடைக்காது. அதேபோல, ‘ர்’ என்ற எழுத்துக்குக் காலையும் புள்ளியையும் அடித்துவைக்கும் தட்டச்சாளர் பழக்கம் சில கோப்புகளில் இருந்தது. வரிகளுக்கு நடுவே வந்த ஆங்கிலச் சொற்களோ மாற்றத்தின்போது பொருளற்ற தமிழெழுத்துக் குவியலாயின.

புரூஃப் பார்ப்பதில் அவருக்குத் தம் கண்மேல் அபார நம்பிக்கை உண்டு. பாளையங்கோட்டையில் அந்த நம்பிக்கை அவருக்கு மட்டும் உரியதன்று, பிறரும் தம் புரூஃபை அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவார்கள். கண்ணால் பார்க்க முடியாத பிழை ஒன்று இருக்கக்கூடும் என்பதை அவர் ஏற்க மறுத்தார். உதவியாளர் ‘சௌகரியம்’ என்று தேடிக் காட்டி, கண்ணெதிரே இருக்கும் சொல்லை உலாவி இல்லை என்று சொல்வதை நிரூபித்த பிறகே நம்பினார். கல்யாணப் பாய்க்கு இது அற்ப விஷயமன்று. வாங்குபவர் படிவத்தில் அடிக்கும் பெயர் நெசவாளர் கைக்குப் போகிறது. கௌரி என்ற மணமகளின் பெயர் தவறான குறியீட்டில் வந்து, அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றப்பட்டு, வேறு உருவத்தில் நெய்யப்பட்டுவிட்டால் பாயைத் திருத்த முடியாது.

நிறம், படம் பற்றிய தொல்லைகள் ஒப்பீட்டளவில் விரைவில் தீர்ந்தன. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிற முறையில் சேமித்த படங்களைத் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும் என்பதும், அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று சொல்லும் 300 டிபிஐ என்ற எண்ணுக்குத் திரையில் பொருளில்லை, நீள அகலத்தில் எத்தனை பிக்சல் என்பதே கணக்கு என்பதும் ஓரிரு நாளில் பிடிபட்டுவிட்டன. பாயின் சிவப்பு ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு சிவப்பாகத் தெரிவதை மட்டும் அவர் விதியே என்று விட்டுவிட்டார்.

தொலைபேசியில் சொன்ன வடிவமைப்பு

வேலை திசை திரும்பியது ஒரு தற்செயலான நிலையில். ஊரில் கொடை என்று உதவியாளர் அம்பாசமுத்திரம் பக்கம் போயிருந்தபோது, வியாபாரி அவசரப்படுத்தியதால், பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் தொலைபேசியிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. படம் காட்ட வழியில்லை. அளவு சொல்லிப் பயனில்லை. ஆகவே ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறார்: பாயின் படம் முதலில் வர வேண்டும், பக்கத்தில் இடமிருந்தால் விலை வலப்பக்கம் நிற்கட்டும், இல்லாவிட்டால் படத்துக்கு அடியில் இறங்கட்டும், பெயர் எழுதும் பெட்டி பெயருக்கு ஏற்ப வளரட்டும், ஏனென்றால் ராம் என்றும் வரும், முத்துக்கிருஷ்ணவேணி என்றும் வரும், தலைப்புக்கும் பத்திக்கும் நடுவே பத்தியின் ஒரு வரி உயரம் விட வேண்டும்.

உதவியாளர் அந்தக் குறிப்பை ஏறக்குறைய வரிக்கு வரி சிஎஸ்எஸ் ஆக மாற்றிவிட்டார். எந்தத் திரையிலும் பக்கம் குலையவில்லை.

இது அவருக்குப் புதிதும் அன்று. கணினி வருவதற்கு முன், சிறுவனாக அவர் வேலைக்குச் சேர்ந்தது ஈய எழுத்துக் கோக்கும் அச்சகத்தில். அங்கே முதலாளி கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ‘இது தடித்த எழுத்து’, ‘இங்கே புதுப் பத்தி’, ‘இது 12 பாயிண்ட்’ என்று எழுதித் தருவார். எழுத்துக் கோப்பவரான கம்பாசிட்டர், கைவசம் இருக்கும் எழுத்தையும் இடத்தையும் பார்த்து அதை நிறைவேற்றுவார். கட்டளை ஒருவரிடம், நிறைவேற்றுவது இன்னொருவரிடம். கணினியிலேயே பக்கம் அமைக்கும் டிடிபி வந்ததும் அந்த இருவரும் ஒருவராயினர். திரையில் எலியைப் பிடித்து இழுத்து எங்கே விட்டோமோ அங்கேயே பொருள் நிற்கும், அச்சிலும் அங்கேயே விழும். ஆகவே அவர் இணையத்தில் தடுமாறியதற்கு அச்சுத் தொழிலை முழுதாகக் குறை சொல்வது பொருந்தாது என்பது என் கருத்து. தடையாக நின்றது கோரல் டிராவும் பேஜ்மேக்கரும் கைக்குக் கொடுத்த பழக்கம். அதற்கு முந்தைய ஈய எழுத்துக் காலத்து வழக்கமோ, உலாவி என்ற முகமறியாத கம்பாசிட்டருக்குக் குறிப்பு எழுத அவருக்குக் கைகொடுத்தது. இணைய வடிவமைப்பு சொல்லித் தரும் வகுப்புகள் அச்சகத்திலிருந்து வருபவரை எதுவும் தெரியாதவராகக் கருதி ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களை மனப்பாடம் செய்ய வைக்கின்றன. அவரிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று கேட்பதில்லை.

அவர் பிந்தி வந்ததும் ஒரு வகையில் நல்லதாயிற்று. சிஎஸ்எஸ் முதல் தரநிலை 1996-இல் வெளிவந்தபோதும், பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து அடுக்குவதற்கு அதில் நேரான வழி இல்லை. அட்டவணைக் கட்டங்களுக்குள் எல்லாவற்றையும் திணித்தும், ஓரமாக மிதக்கவிட்டும் ஒப்பேற்றினார்கள். அதற்கென்றே அமைந்த கிரிட் என்ற முறை முக்கிய உலாவிகளில் வந்தது 2017-இல்தான். ஆண்டு மலர்களுக்குப் பத்தியும் இடைச்சந்தும் கணக்கிட்டே வாழ்ந்தவருக்குக் கிரிட் ஒரே மாலையில் பிடிபட்டது. உதவியாளருக்கே இன்றும் அதில் ஐயம் வந்தால் அண்ணாச்சியிடம் கேட்கிறார்.

முடியாத வேலை, முடியாத பில்

தீராமல் நிற்பது பணக்கணக்கு. அச்சகத்தில் வாடிக்கையாளர் புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அதன் பிறகு வரும் பிழை அவர் பொறுப்பு. கட்டு கட்டி ஒப்படைத்ததும் பில். இணையத்தளத்தில் கையெழுத்துப் போடும் தருணமே வருவதில்லை. விலை மாறியது, படம் மாற்ற வேண்டும், பண்டிகைக்கு ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று வியாபாரி அழைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றும் சிறு வேலை என்பதால் காசு கேட்கக் கூச்சம். தளத்தின் முகவரியான டொமைனுக்கும் தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங்குக்கும் காலந்தோறும் பணம் கட்ட வேண்டும் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லாததால், புதுப்பிக்கும் நேரத்தில் ‘போன தடவையே குடுத்தாச்சே’ என்ற வாக்குவாதம் வந்தது. இப்போது அமைப்புக் கூலியைத் தனியாகவும், ஆண்டுப் பராமரிப்பைத் தனியாகவும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே தொடங்குகிறார். புரூஃப் கையெழுத்துக்கு ஈடாக, கைப்பேசியிலும் கணினியிலும் வாடிக்கையாளர் பார்த்துச் சரி என்று வாட்ஸ்அப்பில் எழுதும் செய்தியைச் சேமித்து வைக்கிறார்.

பாய்த் தளம் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அச்சகத்தின் வருமானத்தில் இணைய வேலை இன்னும் சிறு பங்குதான். பிளெக்ஸும் பத்திரிகையும்தான் வாடகை கொடுக்கின்றன. மாறியிருப்பது வேலையின் வரிசை. எந்த வேலை வந்தாலும், கொடை நோட்டீஸே ஆனாலும், தமிழை முதலில் யூனிகோடில் அடித்துத் தனிக் கோப்பாக வைத்துவிட்டு, அதன் பிறகே கோரல் டிராவுக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகிறார். ஒரே வேலையை இரண்டு தடவை செய்வதாக முதலாளிக்கு மனக்குறை. சிவகாசியிலிருந்து இன்னமும் கர்வாக மாற்றித்தான் கேட்கிறார்கள். அவரும் மாற்றித்தான் அனுப்புகிறார், யூனிகோட் கோப்பைத் தம்மிடம் வைத்துக்கொண்டு.